எடுத்தபடி வைப்போம்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் லாரி கிளம்பியதோடு நிறுத்தியிருந்தோம். அது நேராகப் போய் நின்ற இடம் ஊசியின் வீட்டு வாசல்.

ஊசி என்பது மூன்று ஆண்களோடு பிறந்த ஒரே பெண்ணுக்கு வீட்டார் வைத்த பட்டப்பெயர். சின்ன வயதில் அவள் வாய் குத்தும் என்று வைத்தார்கள். வளர்ந்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தும் வேலைக்கே போய்விட்டாள், பெயரும் ஒட்டிக்கொண்டது.

கதையைப் பாதியில் பிடித்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடைக்குட்டித் தம்பி செத்துப் போனான். அவன் பெண்டாட்டி சின்னவளைப் பெற்ற கையோடு போனவள். மிச்சம் இருப்பது இரண்டு பெண் குழந்தைகளும், அப்பன் பாட்டன் வீட்டில் அவர்கள் இருக்கும் பின்பக்கத்து அறையும்தான். வீட்டை விற்றுவிட அண்ணன்மார் இருவரும் குதிக்கிறார்கள். குழந்தைகள் அங்கே இருக்கும்வரை விற்க முடியாது. தாயில்லாப் பிள்ளைகளுக்கு நாதியாக இருப்பவள் அவர்களுடைய சித்தி, பஸ் கண்டக்டர். வேலை முடிந்து வந்து அவர்களோடுதான் படுப்பாள். அவள் கோர்ட் படி ஏறினாள். வழக்கு முடியும்வரை பிள்ளைகளைக் குடியிருக்கும் இடத்திலிருந்து யாரும் கிளப்பக் கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டார்.

பெரியண்ணன் லேசுப்பட்ட ஆளா? பிள்ளைகள் அந்த வீட்டில் இருக்கவே இல்லை, அப்பன் செத்த நாளிலிருந்து அத்தை வீட்டில்தான் வளர்கிறார்கள் என்று மனுப் போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அதற்கு ஊசியும் ஆமாம் என்று கையெழுத்துப் போட்டாள். வீடு விற்றால் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு என்றார்கள். வாடகை வீடுகளிலேயே தலை நரைத்தவள். சொந்தக் கூரை என்ற ஆசை யாரை விட்டது?

நேரில் பார்த்து வந்து சொல்ல ஒரு பெண் வக்கீலைக் கமிஷனராக நியமித்தது கோர்ட். அவர் வருகிற நாள் இன்று. அதனால்தான் நேற்று, கண்டக்டர் சித்தி வெளியூர் பஸ்ஸில் போன நேரம் பார்த்து, லாரி அந்த வீட்டின் பின்பக்க வாசலுக்குப் போய், அறையையே வழித்து ஏற்றிக்கொண்டு வந்தது.

ஊசி தன் வீட்டுப் பின்னறைக் கதவைத் தள்ளினாள். நேற்று மத்தியானம்வரை துணி உலர்த்தவும் ஓடாத மிக்ஸியைப் போட்டுவைக்கவும் இருந்த அறை. இப்போது அது தம்பி வீட்டு அறையாகவே மாறி நின்றது.

பெரியண்ணனின் தொழிலே வீடு மாற்றிக் கொடுப்பதுதான். லாரியின் நெற்றியில் 'எடுத்தபடி வைப்போம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். அது வெறும் வாய்ப்பந்தல் இல்லை. அவருடைய ஆட்கள் அறையைக் கலைப்பதற்கு முன் நான்கு பக்கமும் போட்டோ எடுப்பார்கள். புது இடத்தில் அதைப் பார்த்துப் பார்த்து வைப்பார்கள். சீப்பு கண்ணாடிக்கு இடப்பக்கம் இருந்திருந்தால் இடப்பக்கம்தான் இருக்கும். வாடிக்கையாளர்கள் அதிலேயே சொக்கிப் போவார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை எல்லாம் இங்கே இறக்கியிருந்தார் மனிதர். இரண்டு குழந்தைகளும் சேர்ந்து படுக்கும் அகலக் கட்டில், படிக்கிற மேஜை, கூரையைத் தொடுகிற இரும்பு ரேக், ரேக்கில் மடித்தபடி துணிகள், துணிக்குப் பக்கத்தில் செத்தவனின் கைக்கடிகாரம். தம்பி இப்போது கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவான் போல இருந்தது.

கட்டில் காலியாகக் கிடந்தது. சின்னவள் தரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயது ஏழு. ஆள் சுண்டுவிரல் அளவு என்பதால் சுண்டு.

"ஏண்டி கீழ படுத்தே?"

"கட்டில் தள்ளி விடுது அத்தை."

ஊசி குனிந்து பார்த்தாள். கட்டிலின் ஒரு பக்கத்து இரண்டு கால்களுக்கும் அடியில் மரக்கட்டை இருந்தது. அவளுக்கு உடனே புரிந்தது. தம்பியின் அறையில் தரை குளியலறைச் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அதற்காக அவன் வெட்டி வைத்த கட்டைகள். ஆட்கள் அதையும் கொண்டுவந்து, அதே கால்களுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். இங்கே தரை சமதளம். கட்டில் ஒருக்களித்து நின்றது.

"அக்கா இருந்தா உன்னைப் பிடிச்சுக்கிட்டிருப்பா. அவ பாரு, சித்தியோட பஸ்ஸுல ஜாலியா ஊர் சுத்தப் போயிட்டா."

நேற்று பெரியண்ணன் அப்படித்தான் சொன்னார். பெரியவளைக் காணோமே என்று கேட்டதற்கு, "அந்தக் கண்டக்டர் கூடவே தொத்திக்கிட்டுப் போயிட்டா. விடு, ஒண்ணு இருந்தாப் போதும்" என்றார்.

சுண்டு இரும்பு ரேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோர்ட்டு மேடம் எப்ப வருவாங்க அத்தை?"

"வருவாங்க. உனக்கென்ன அவ்வளவு அவசரம்?"

ஊசி ரொட்டியும் பாலும் கொடுத்தாள். குழந்தை ஒரு துண்டைத் தின்றுவிட்டு இன்னொன்றைக் கைக்குட்டையில் சுருட்டிச் சட்டைப் பைக்குள் திணித்தது.

"யாருக்கு அது?"

"அப்புறமா" என்றது, கண்ணைப் பார்க்காமல்.

ஊசிக்கு எரிச்சல்தான் வந்தது. அப்பனைப் போலவே அழுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் கையை விட்டுக் கட்டையை உருவப் போனாள்.

"அதைத் தொடாதே" என்றது வாசலில் ஒரு குரல்.

பெரியண்ணன் குளித்துப் பவுடர் போட்டு வந்திருந்தார். கையில் ஒரு பொம்மையும் ஆப்பிள் பையும். அவருக்குப் பின்னால் சின்னண்ணன். அவர் யார் எதைச் சொன்னாலும் 'ஆமா' என்பார். தெருவே அவரை ஆமாஞ்சாமி என்று கூப்பிடும், அதற்கும் அவர் ஆமா என்றுதான் திரும்பிப் பார்ப்பார்.

"புள்ளை உருண்டுபோய்ச் சுவத்துல முட்டுது அண்ணே. கட்டையை எடுத்துடறேன்."

"நம்ம ஆளுங்க செட் பண்ணினதுல கை வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? பாரு, எப்படி வெச்சிருக்காங்க. போட்டோவையும் இதையும் பக்கத்துல வெச்சா வித்தியாசம் சொல்ல முடியாது. யாராவது ஒரு முடி நகர்த்தினா எனக்குப் பிடிக்காது."

"ஆமா" என்றார் சின்னண்ணன்.

ஊசி கையை எடுத்துக்கொண்டாள். தொழில் கர்வத்துக்கு முன்னால் குழந்தையின் தூக்கம் எம்மாத்திரம்?

பெரியண்ணன் சுண்டுவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இத்தனை மாதத்தில் அந்தக் குழந்தைக்குத் தலைவலிக்கு ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்தவர் இல்லை. பம்பு செட்டை நிறுத்தித் தம்பியின் அறைக்குத் தண்ணீர் வராமல் செய்தவர் அவர். பின்பக்கத்து விளக்கின் ஃபியூஸைப் பிடுங்கியவரும் அவர்தான். இன்று தன் கைக்குட்டையால் அதன் மூக்கைத் துடைத்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

"எங்க சொல்லு கண்ணு. இங்க எத்தனை நாளா இருக்கே?"

"ரொம்ப நாளா."

"யார் சோறு போடறது?"

"அத்தை."

"பெரியப்பா யாரு?"

குழந்தை யோசித்தது. இது சொல்லிக் கொடுத்த பாடத்தில் இல்லை போலிருக்கிறது. "நல்லவர்" என்றது கடைசியில்.

"சமர்த்து" என்று கன்னத்தைக் கிள்ளி, கிள்ளிய விரலைத் தன் உதட்டில் வைத்து முத்தம் கொடுத்தார்.

ஊசி பார்த்துக்கொண்டு நின்றாள். சளியும் மூத்திரமும் மலமும் டப்பா டப்பாவாக வந்து இறங்குகிற மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பவள் அவள். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் வாந்தி எடுக்க ஓடுவார்கள், இவள் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு இப்போது தொண்டைவரை குமட்டிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்தவனின் பவுடர் வாசனைக்கு. சீ, நானும் இதில் கூட்டுதானே என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, ஆப்பிளைக் கழுவி வைக்கச் சமையலறைக்குப் போனாள். ஆசை அப்படி எளிதில் விடாது.

கமிஷனர் அம்மா நொண்டி நொண்டி வந்தார். முழங்கால் வலி என்று பார்த்தாலே தெரிந்தது. கறுப்புக் கோட்டு, கையில் அட்டையில் செருகிய காகிதம், பின்னால் கோர்ட் ஆள் ஒருவர். பெரியண்ணன் வழிநெடுக வளைந்து நெளிந்து வரவேற்றார்.

"பெரிய பொண்ணு எங்கே?"

"அவ சித்தியோட வெளியூர் போயிருக்கா மேடம். சின்னது இருக்கு, பாருங்க. வீட்டுக் குழந்தை."

"ஆமா" என்றார் சின்னண்ணன்.

அறைக்குள் வந்து சுற்றிலும் பார்த்தார் கமிஷனர். ரேக், மேஜை, துணிகள் எல்லாவற்றையும் பார்த்தார். வாஸ்தவத்தில் நம்பும்படியாகத்தான் இருந்தது. அவர் முகத்திலும் நம்பியது தெரிந்தது. பெரியண்ணன் ஊசியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். முழங்கால் வலிக்கிறவர்கள் நின்றுகொண்டே எவ்வளவு நேரம் எழுத முடியும்? "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கமிஷனர் கட்டிலில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் அப்படியே சறுக்கிக்கொண்டு சுவரில் போய் முட்டினார். மடியில் இருந்த பேனா உருண்டு விழுந்து ரேக்குக்கு அடியில் ஓடியது.

யாரும் சிரிக்கவில்லை. கோர்ட் ஆள் வந்து கையைக் கொடுத்து எழுப்பினார். கமிஷனர் கோட்டைச் சரிசெய்துகொண்டு, கட்டில் காலையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுலயா குழந்தைங்க இத்தனை மாசமா படுக்கறாங்க?"

ஆமாஞ்சாமி வாயைத் திறந்தார். முதல்முறையாக ஆமா வரவில்லை.

பெரியண்ணன் சமாளித்தார். "சின்னதுக்கு மூச்சுத்திணறல் மேடம். டாக்டர்தான் தலைப்பக்கம் உசத்தி வைக்கச் சொன்னார்."

"தலைப்பக்கம் இல்லையே. பக்கவாட்டுல இல்ல உசந்திருக்கு?"

"அது... அவ ஒருக்களிச்சுப் படுப்பா." சொல்லிக்கொண்டே சுண்டுவின் பிடரியில் கையை வைத்தார். "சொல்லு கண்ணு, உனக்கு மூச்சு முட்டுமில்ல? ராத்திரியில இருமுவே இல்ல?"

குழந்தை அவரை நிமிர்ந்து பார்த்தது. பிடரியில் இருந்த விரல்கள் கொஞ்சம் அழுந்தின. குழந்தை இருமியது. நோய் நொடி இல்லாத நெஞ்சிலிருந்து வெறும் தொண்டை இருமல், இரண்டு தடவை. போதுமா என்று கேட்பதுபோல அவரைப் பார்த்துவிட்டு மூன்றாவது தடவையும் இருமியது.

அதோடு ஊசிக்கு விட்டுப்போயிற்று. பங்கும் வேண்டாம், கூரையும் வேண்டாம், இந்தக் கருமத்தைக் கண்ணால் பார்க்காமல் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

"கையை எடுங்க அண்ணே" என்றாள்.

"நீ உள்ள போ."

"புள்ளை மேல இருந்து கையை எடுங்கன்னேன்." கமிஷனர் பக்கம் திரும்பினாள். "மேடம், இந்தக் கட்டில் நேத்து சாயங்காலம் வந்துச்சு. இங்க இருக்கற எல்லாமே நேத்து வந்தது. புள்ளைங்க ஒரு நாள்கூட என் வீட்டுல இருந்தது இல்ல. அவங்க அப்பன் ரூம்ல தரை சாய்வு, அதுக்குப் போட்ட கட்டை இது. நான் கையெழுத்துப் போட்டது பொய்."

"ஊசி, உனக்குப் பைத்தியமா? மேடம், அவளுக்கு பிரஷர், மாத்திரை போடலைன்னா இப்படித்தான் உளறுவா" என்றார் பெரியண்ணன்.

"நேத்துவரைக்கும் தங்கச்சி. இன்னிக்கு நோயாளியா? நல்ல குடும்பம்யா இது" என்றாள் ஊசி.

கமிஷனர் நிதானமாகக் கேட்டார். "கோர்ட்டுல பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு நீங்களே சொல்றீங்க. உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமாம்மா?"

"தெரியாது. எழுதிக்கோங்க. எனக்குக் குமட்டுது."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கண்டக்டர் சித்தி, காக்கிச் சட்டையோடு, தோளில் டிக்கெட் பையோடு உள்ளே பாய்ந்து வந்தாள். டிப்போவில் இறங்கியதும் கமிஷனர் ஆபீசிலிருந்து போன், இந்த விலாசத்துக்கு வரச் சொல்லி. அப்படியே வந்திருக்கிறாள். சுண்டு ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"ஒரு நாள் நான் ஊர்ல இல்ல. ஒரே நாள். அதுக்குள்ள சாமானைத் தூக்கிட்டீங்களே, நீங்கள்லாம் மனுஷங்கதானா?" என்றவள் அறையைச் சுற்றிலும் தேடினாள். "பெரியவ எங்க, அக்கா?"

ஊசிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உன்கூட வரலையா?"

"என்கூடவா? நான் டூட்டிக்குப் போனவ. அவளை எங்க கூட்டிட்டுப் போவேன்? இங்க இல்லையா அவ?"

அறையில் இருந்த எல்லோரும் பெரியண்ணனைப் பார்த்தார்கள். அவர் பொம்மையைக் கீழே வைத்தார்.

"அவ... ஓடிட்டா நேத்து. உன்கிட்டதான் ஓடியிருப்பான்னு நினைச்சேன்."

"நினைச்சியா? பதிமூணு வயசுப் பொண்ணு ராத்திரி பூரா எங்கன்னு கேக்காம, நினைச்சியா?" சித்தியின் குரல் உடைந்தது. மரியாதையும் அதோடு போயிற்று.

ஊசியும் அதற்குமேல் கேட்கவில்லையே. அண்ணன் சொன்னதை அப்படியே விழுங்கினாளே.

சுண்டு சித்தியை விட்டு விலகினாள். கமிஷனருக்கு முன்னால் போய், பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல நின்றாள்.

"நீங்கதான கோர்ட்டு மேடம்?"

"ஆமாம்மா."

"நிஜமாவா?"

"நிஜமா."

"உங்ககிட்ட மட்டும்தான் சொல்லணும்னு அக்கா சத்தியம் வாங்கிச்சு. அக்கா வீட்டுலதான் இருக்கு. பரண்ல."

பெரியவளுக்கு அவள் அப்பா வைத்த பெயர் கறார். பொய் சொல்லத் தெரியாது, சொன்ன சொல்லை மாற்றத் தெரியாது. ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும் என்றால் ஒன்பதுக்கு விளக்கை அணைத்துவிடுவாள். நீதிபதியின் உத்தரவைச் சித்தி படித்துக் காட்டியபோது, உன்னிப்பாகக் கேட்டவள் அவள்தான்.

"வீட்டை விட்டுப் போனா கோர்ட்டு சொன்னது செல்லாம போயிடும்னு சொல்லிச்சு. ரெண்டு பேர்ல ஒருத்தராவது இருக்கணும்னு சொல்லிச்சு. லாரிக்கார மாமாங்க கட்டிலை ஏத்தறப்ப, அக்கா ரேக்குல கால் வெச்சுப் பரண் மேல ஏறிடுச்சு" என்றாள் சுண்டு. பிறகு கை நீட்டி அந்த இரும்பு ரேக்கைக் காட்டினாள். "அப்புறம் ரேக்கையும் எடுத்துட்டு வந்துட்டாங்க. அக்கா எப்படி இறங்கும்?"

காலையிலிருந்து அந்தக் குழந்தை எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று ஊசிக்கு அப்போதுதான் உறைத்தது.

கமிஷனரின் காரில் சித்தியும் சுண்டுவும் ஏறினார்கள். இடம் இல்லாததால் ஊசி அண்ணன் காரிலேயே பின்னால் உட்கார்ந்தாள். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா உனக்கும் ஒரு இடம் கிடைச்சிருக்கும். இப்ப நடுத்தெருவுல நிக்கப் போறே."

"புள்ளை பரண்ல இருக்கு அண்ணே."

"நடிப்பு. எல்லாம் அந்தக் கண்டக்டர் சொல்லிக் குடுத்தது. அவ பொழச்சுக்குவா, நீதான் பொழைக்கத் தெரியாதவ."

"ரூமைப் பூட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை உள்ள பாத்தீங்களா?"

"வெறும் ரூம்ல என்னத்தைப் பாக்கறது?"

"ஆமா" என்றார் சின்னண்ணன், மெதுவாக. அவர் யாருக்கு ஆமா போட்டார் என்று தெரியவில்லை.

ஊசி ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே முகத்தை நீட்டிக்கொண்டாள். ஒரே வயிற்றில் பிறந்ததற்கு என்ன செய்ய முடியும், ஒரே காற்றைச் சுவாசிக்காமலாவது இருக்கலாம்.

பாட்டன் வீட்டுப் பின்னறைக் கதவில் கம்பெனிப் பூட்டு தொங்கியது. சாவியை எடுக்கப் பெரியண்ணன் பையைத் தடவினார், அந்தப் பை இந்தப் பை என்று. கமிஷனர் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவி கிடைத்தது.

கதவு திறந்ததும் அடைந்து கிடந்த வாடை வெளியே வந்தது. மூத்திர வாடை. ஒரு ராத்திரி பூரா இறங்க வழியில்லாமல் மேலே கிடந்த பிள்ளை வேறு என்ன செய்யும்? பரணிலிருந்து சுவர் ஓரமாக ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது.

"சீ, என்ன நாத்தம்" என்று பெரியண்ணன் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். காலையில் சுண்டுவின் மூக்கைத் துடைத்த அதே கைக்குட்டை.

ஊசிக்கு அந்த வாடை பழக்கம். அது அவளுக்கு நாற்றமே இல்லை. அந்தக் கைக்குட்டையைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. எட்டி அதைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். "முகர்ந்து பாருங்க. நீங்க பூட்டின பூட்டுதான் நாறுது" என்றாள்.

காலி அறை. தரை குளியலறைச் சுவர்ப் பக்கம் சாய்ந்து கிடந்தது. கட்டில் இருந்த இடத்தில் தூசி மட்டும். மேலே, கூரையை ஒட்டிய பரணில், பழைய வாளிக்கும் சுவருக்கும் நடுவில், பள்ளிக்கூடச் சீருடையோடு முழங்காலைக் கட்டிக்கொண்டு கறார் உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. கண் வீங்கியிருந்தது. அழுதிருக்கிறாள், ஆனால் இப்போது அழவில்லை.

"என் தங்கமே" என்று சித்தி சுவரில் கையை ஊன்றி நின்றாள்.

சுண்டு சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினாள். "அக்கா, ரொட்டி."

"இரு" என்றாள் கறார். கறுப்புக் கோட்டுக்காரரைக் கண்ணால் தேடிப் பிடித்து, அவரைப் பார்த்துச் சொன்னாள். "மேடம், நான் வீட்டை விட்டுப் போகல. நேத்துலேர்ந்து இங்கதான் இருக்கேன். எழுதிக்கோங்க."

கமிஷனர் அட்டையை நிமிர்த்தி எழுதினார். எழுதி முடிக்க வழக்கத்தைவிட நேரம் ஆயிற்று. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஊசியிடம் வந்து தணிந்த குரலில் சொன்னார். "நாளைக்குக் காலையில கோர்ட்டுக்கு வந்துடுங்க. ஜட்ஜ் முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவார். என்கிட்ட சொன்னதை அங்க கூண்டுல நின்னு சொல்லணும். உங்க அண்ணனுக்கு எதிரா மட்டுமில்ல, உங்களுக்கு எதிராவும். ராத்திரி யார் என்ன சொன்னாலும் மனசு மாறாம இருப்பீங்களா?"

ஊசி பதில் சொல்லுமுன் பெரியண்ணனின் கண் அவள்மேல் விழுந்தது. அவர் ஏற்கெனவே போனைக் காதில் வைத்து வக்கீலைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவள் அந்தக் கண்ணுக்கு முதுகைக் காட்டினாள். பரணுக்கு நேர் கீழே போய் இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

"இறங்குடா கண்ணு. அத்தை பிடிச்சுக்கறேன்."

கறார் மேலிருந்து அந்தக் கைகளைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டது இந்தக் கைதான் என்று அவளுக்கும் தெரியும். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"நீங்க வேண்டாம் அத்தை. எங்க சாமானை எல்லாம் திரும்பக் கொண்டுவந்து வைக்கச் சொல்லுங்க. ரேக்கு வந்ததும் நானே இறங்கிக்கறேன்."

நீட்டிய கைகளை எப்படி மடக்குவது என்று ஊசிக்குத் தெரியவில்லை. மெதுவாக இறக்கினாள். திரும்பி, "அண்ணே, லாரியை எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

அவர் அசையவில்லை. சின்னண்ணன் அசைந்தார். யாரும் எதுவும் கேட்காமலேயே, "ஆமா, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு முன்வாசலுக்கு நடந்தார். ஊசியும் அவர் பின்னால் ஓடினாள். வாசல்படி தாண்டும்போது மேலிருந்து கறாரின் குரல் கேட்டது.

"அத்தை, கட்டிலுக்கு வைக்கற கட்டையை மறந்துடாதீங்க. இங்கதான் தரை சாயும்."